தீவகத்தில் பிரதேச சபை உறுப்பினராவது எப்படி: ஒலிபெருக்கிக்காரன் சொல்லும் வழி

நான் எந்தக் கட்சியும் இல்லை. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலில் கிடக்கும் தீவுகளைத்தான் தீவகம் என்கிறோம். அதில் புங்குடுதீவில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன். கோயில் திருவிழா, சாமத்தியவீடு, மரண அறிவித்தல், தேர்தல் என்று எது வந்தாலும் என் ஓட்டோவின் கூரையில் இரண்டு குழாய் ஏறும். வீடு, வீணை, சைக்கிள், சங்கு, திசைகாட்டி என்று எல்லாக் கட்சிச் சின்னத்துக்கும் அறிவித்திருக்கிறேன். காலையில் ஒரு கட்சியைத் துரோகக் கும்பல் என்று முழங்கிய குழாய், பின்னேரம் அதே கட்சிக்காரரை மண்ணின் மைந்தன் என்று கூப்பிடும். இரண்டுக்கும் வாடகை ஒன்றுதான். யார் எப்படி வென்றார், யார் எதனால் கவிழ்ந்தார் என்பதை ஓட்டோவில் இருந்தபடியே பார்த்து வருகிறேன். அடுத்தமுறை நிற்க யோசிக்கும் தம்பி தங்கச்சிகளுக்காக இதை எழுதுகிறேன்.

அடுத்தமுறை எப்போது என்று மட்டும் கேட்காதீர்கள். சட்டப்படி சபைக்கு நான்கு வருட ஆயுள். 2018 பெப்ரவரியில் தெரிவானவர்களுக்கு அதை ஐந்தாக நீட்டினார்கள். பிறகு 2023 மார்ச் 9 தேர்தல் என்றார்கள். அது போய் ஏப்ரல் 25 ஆனது. அப்புறம் காசில்லை என்றார்கள். வேட்புமனுக் கொடுத்திருந்த அரசாங்க உத்தியோகத்தர்கள் கந்தோருக்கும் போகமுடியாமல், வாக்குக் கேட்கவும் முடியாமல், விறாந்தையில் குந்தியிருந்தார்கள். தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் சொன்னது. பழைய வேட்புமனுக்களைச் சட்டம் போட்டு ரத்துச் செய்து, கடைசியில் 2025 மே 6ஆம் திகதிதான் புள்ளடி போட்டோம். எங்களூரில் ஒருவர் 2023இல் அடித்த நோட்டீஸ் கட்டுகளை எலி கடிக்காமல் அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார். 2025இல் திறந்தபோது நோட்டீஸ் அப்படியே இருந்தது. அவர்தான் கட்சி மாறியிருந்தார். எனவே நோட்டீஸ் அடிக்க அவசரப்படவேண்டாம்.

சபை எதற்கு, மேடை எதற்கு

பிரதேச சபைச் சட்டம் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். அதைப் படித்த வேட்பாளர் ஒருவரும் இதுவரை என் ஓட்டோவில் ஏறவில்லை. நீங்களும் சிரமப்படவேண்டாம், நான் சொல்லிவிடுகிறேன். உள்வீதி, மதகு, வாய்க்கால், தெருவிளக்கு, குப்பை, சந்தை, வாசிகசாலை, சுடலை, தண்ணீர் பவுசர். ஏறத்தாழ இவ்வளவுதான் உங்கள் இராச்சியம். கடல் உங்களுடையது இல்லை. காணி உங்களுடையது இல்லை. கடற்படை முகாமும், மீன் அள்ளவரும் இந்திய றோலர் படகும், ஐ.நா. மனித உரிமைச் சபை கூடும் ஜெனீவாவும் உங்களுடையவை இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் வந்து குறிகட்டுவான் இறங்குதுறை வரைக்கும் ஓடும் பெரிய வீதிகூட உங்களுடையது இல்லை.

அப்படியென்றால் மேடையில் எதைப் பேசுவது? உங்களுடையது அல்லாதவற்றை மட்டும் பேசுங்கள்.

இது பகிடி இல்லை, தீவகத்தின் எழுதாத விதி. ஜெனீவாவைப் பற்றி வாக்குறுதி கொடுத்தால் நான்கு வருடத்தின் பின் யாரும் வந்து "எங்கே ஜெனீவா?" என்று கேட்கமாட்டார்கள். மதகைப் பற்றி வாக்குறுதி கொடுத்தால் முதல் மழைக்கே கேட்பார்கள். ஒரு சந்திக் கூட்டத்தில் பேச்சாளர் ஒருவர் சர்வதேச விசாரணை, பூகோள அரசியல், இந்து சமுத்திரம் என்று ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட இழுத்தார். அலைவாங்கிக்குப் பக்கத்தில் நான் நின்றேன். முன்னுக்கு இருந்த ஒரு ஆச்சி எழும்பி, "தம்பி, எங்கட ஒழுங்கையில மதகு உடைஞ்சு பசுமாடு கால் முறிஞ்சு கிடக்குது" என்றார். பேச்சாளர் ஒரு கணம் நின்றார். பிறகு, "அம்மாவின் மாட்டின் காலை முறித்ததும் பேரினவாதம்தான்" என்றாரே! கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. அவர் வென்றார். மாடு எழும்பவில்லை. மதகு இன்னும் அப்படியே கிடக்கிறது.

பெரிய விசயம் பேசுவதற்குத் தீவகத்தில் பஞ்சமே இல்லை. கச்சதீவு நெடுந்தீவுப் பிரதேச செயலகத்தின் கீழ் வருகிறது. அங்கே ஒரு அந்தோனியார் கோயில் இருக்கிறது, குடிதண்ணீர் இல்லை, குடியிருப்பவர் ஒருவரும் இல்லை, வாக்கும் இல்லை. 1974 ஒப்பந்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் தேர்தல் வந்தால் அதுவும் வந்துவிடும். 2025 செப்டெம்பர் முதலாம் திகதி எங்கள் ஜனாதிபதியே நேரில் போய்ப் பார்த்தார். ஆள் இருக்கும் தீவுகளில் எதற்கு இவ்வளவு பெரிய மனிதர்கள் அடிக்கடி கால் வைக்கிறார்கள், சொல்லுங்கள் பார்ப்போம். வாக்காளர் இல்லாத ஊரைப்போல வசதியான தொகுதி உலகத்தில் கிடையாது.

இல்லாவிட்டால் மின்சாரத்தைப் பேசுங்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றாலும் வெயிலாலும் கரண்ட் எடுத்துத் தருகிறோம் என்று 2021இல் ஒரு சீனக் கம்பனிக்கு வேலையைக் கொடுத்தார்கள். இந்தியா முகத்தைச் சுழித்தது. அந்த வருடக் கடைசியில் வேலையை நிறுத்துவதாகச் சீனத் தூதரகமே அறிவித்தது. 2022 மார்ச்சில் அது இந்தியாவின் கைக்குப் போனது. நெடுந்தீவில் ஒரு வீட்டு விறாந்தையில் மின்விசிறி சுற்றுவதற்கு டில்லியும் பீஜிங்கும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. இதை மேடையில் நீட்டினால் அரை மணித்தியாலம் ஓடும். தெருவிளக்கு பல்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசத் தேவையில்லை.

தீவு வாக்கைப் பட்டணத்துக்காரர் ஏளனமாகப் பார்த்தால் ஒரு பழைய கணக்கை எடுத்து விடுங்கள். 1994 பாராளுமன்றத் தேர்தலில் குடாநாட்டின் பெரும்பகுதியில் வாக்களிப்பே நடக்கவில்லை. பத்தாயிரத்துச் சொச்சம் வாக்கு, அதிலும் பெரும்பாலும் தீவகத்து வாக்கு, ஈ.பி.டி.பி. கட்சியின் சுயேச்சைக் குழுவுக்கு யாழ். மாவட்டத்தில் ஒன்பது ஆசனங்களைக் கொடுத்தது. யாழ்ப்பாணத்தில் "தீவான்" என்று நக்கலடித்தவர்களுக்கெல்லாம் சேர்த்துத் தீவான்தான் அந்தமுறை பிரதிநிதி அனுப்பினான். சரியோ பிழையோ, கணக்குக் கணக்குத்தான்.

பெயர் கொடுப்பது

இப்போதைய முறையில் உறுப்பினர்களில் நூற்றுக்கு அறுபது பேர் வட்டாரத்தில் வென்று வருவார்கள், நாற்பது பேர் கட்சிப் பட்டியலால் வருவார்கள். வாக்குச்சீட்டில் உங்கள் பெயர் இருக்காது, கட்சியும் சின்னமும்தான். இதன் பயன் என்னவென்றால், வட்டாரத்தில் மண் கவ்வியவரைக்கூடப் பட்டியல் வழியாகக் கட்சிச் செயலாளர் சபைக்கு அனுப்பலாம். ஆகவே வாக்காளரைச் சந்திக்குமுன் செயலாளரைச் சந்தியுங்கள். ஒரே பட்டியல் ஆசனத்தை இரண்டு பேருக்கு "ஆளுக்கு இரண்டு வருடம்" என்று பிரித்துக் கொடுப்பார்கள். முதல் இரண்டு வருடத்தைக் கேட்டு வாங்குங்கள். மற்றவருக்கு அது வராது. விட்டுக்கொடுக்கும் நாள் நெருங்கும்போது முதல் ஆளுக்கு எப்போதும் ஒரு சத்திரசிகிச்சையோ ஒரு கொள்கையோ வந்துவிடும்.

பெண்களுக்கு நாலில் ஒரு பங்கு கட்டாயம். அதனால் வேட்புமனு வாரத்தில் தீவகத்து ஆண்களுக்குத் திடீரென்று பெண்கள்மேல் பெரிய மரியாதை பிறக்கும். "அக்கா, ஒண்டும் செய்யத் தேவையில்லை, ஒரு கையெழுத்துத்தான்" என்று வாசலில் வந்து நிற்பார்கள். நோட்டீசில் அக்காவின் படம், கீழே அத்தானின் போன் நம்பர். கூட்டத்தில் பேசுவதும் அத்தான்தான். தங்கச்சிகளுக்கு நான் சொல்வது இதுதான்: கையெழுத்தைப் போடுங்கள், போன் நம்பரை மாற்றுங்கள். அப்படி மாற்றிய ஒருவர் எனக்குத் தெரிய, சபைக்குப் போன முதல் மாதமே பவுசர் எந்தெந்த வீட்டு வாசலில் எத்தனை நிமிடம் நிற்கிறது என்று கொப்பியில் எழுதிக்கொண்டு போய் வாசித்தார். சபையில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. பவுசர் யாருடைய வாழைத்தோட்டத்துக்குப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் எழுதி வைத்திருக்கவில்லை.

இளைஞர்களுக்கும் பங்கு உண்டு. 2025இல் பல கட்சிகளின் வேட்புமனு தள்ளுபடியானது கொள்கைப் பிழையால் இல்லை. இளம் வேட்பாளரின் பிறப்பத்தாட்சிப் பத்திரம் சரியான முறையில் உறுதிப்படுத்தப்படாததால். நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். தேசத்தை மீட்கப் புறப்பட்டவர்கள் போட்டோக் கொப்பியில் தடுக்கி விழுந்தார்கள். சத்தியக் கடதாசியில் சமாதான நீதவானின் கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதா என்று இரண்டு தரம் பாருங்கள். சமாதான நீதவானுக்கு அலையத் தேவையில்லை. தீவகத்தில் கல்லெறிந்தால் அவர் ஒருவர்மேல்தான் விழும்.

கட்டுப்பணம் கட்சி என்றால் ஆளுக்கு 1,500 ரூபா, சுயேச்சை என்றால் 5,000. சுயேச்சைக்குச் சின்னம் என்ன கிடைக்கும் என்று சொல்லமுடியாது. ஆனால் பயப்படவேண்டாம். 2024 பாராளுமன்றத் தேர்தலில் ஊசிச் சின்னத்தில் நின்ற சுயேச்சைக் குழு யாழ்ப்பாணத்தில் ஆசனம் பிடித்தது.

செத்தவீடு

இதைக் கவனமாகப் படியுங்கள். மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை.

மரண அறிவித்தலுக்கு ஓட்டோ புறப்படுமுன் எனக்கு வரும் முதல் அழைப்பு செத்தவீட்டாருடையது. இரண்டாவது வேட்பாளருடையது. "அண்ணை, எத்தினை மணிக்கு எடுக்கினம்?" என்பார். எடுக்கும் நேரத்துக்கு வருகிறவர் விருந்தாளி. முதல்நாள் இரவே வந்து தறப்பாள் கட்டுகிறவர்தான் உறுப்பினர். கயிற்றை இழுக்கத் தெரியாவிட்டாலும் நுனியைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். பிளாஸ்டிக் கதிரை அடுக்கை இரண்டு இரண்டாக இறக்குங்கள், ஒரேயடியாகத் தூக்கினால் கூலிக்கு வந்தவர் என்று நினைப்பார்கள். தேத்தண்ணி கொடுக்கிற பையன் களைத்துப்போனால் தட்டை வாங்குங்கள். முன்வரிசையில் இருக்கவேண்டாம். அது சம்பந்திமாருக்கும் அதிபர்மாருக்கும் உரியது. பாடைக்குத் தோள் கொடுக்கவும் முந்தவேண்டாம். அந்த உரிமைக்கு இன்னும் கோட்டில் வழக்கு நடக்கிற குடும்பங்கள் உண்டு.

வீடியோக்காரர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் சுவிசிலும் இருக்கிறார்கள். செத்தவீடு நேரலையில் போகிறது. ஸ்காபரோவில் ஒரு மகள் அழுதுகொண்டே திரையில் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கிறாள். நீங்கள் கமராவைப் பார்க்கக்கூடாது, ஆனால் கமரா உங்களைப் பார்க்கவேண்டும். கிரியை நடக்கும் இடத்துக்கும் வாசலுக்கும் இடையில் ஒரு தூண் இருக்கும். அந்தத் தூணில் சாயாமல் நில்லுங்கள். மாதம் கழித்து அந்த மகள் தாய்க்கு போன் எடுப்பாள். "அம்மா, அண்டைக்குக் கடைசி மட்டும் நிண்ட பெடியன் ஆர்? அவனுக்கே போடுங்கோ." நான் ஊர் முழுக்க நாள்கணக்கில் கத்தினாலும் இந்த ஒரு அழைப்புக்கு ஈடாகாது.

பெண் வேட்பாளருக்குச் சுடலைக்குப் போகிற வேலை இல்லை; ஆண்களெல்லாம் போனபிறகு வீட்டில் பெண்களோடு இருக்கலாம். வாக்குகள் அங்கேதான் இருக்கின்றன. சுடலைக்குப் போகிற ஆண்கள் வழியில் கள்ளுத் தவறணையில் கட்சி மாறிவிடுவார்கள்.

இரங்கலுரை கேட்டால் இரண்டு நிமிடத்தில் முடியுங்கள். இறந்தவரின் பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போங்கள். முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் அடிக்கும்போது உங்கள் அனுதாபச் செய்தியைப் படத்தோடு முன்கூட்டியே கொடுங்கள். எதிர்க்கட்சிக்காரரின் படம் உங்களுடையதைவிடப் பெரிதாக வந்திருந்தால் அச்சகத்தோடு சண்டை போடலாம், செத்தவீட்டாரோடு கூடாது.

குறிச்சி

தீவகத்தில் யாரும் சாதி பார்ப்பதில்லை. எந்த மேடையிலும் அப்படித்தான் சொல்கிறோம், என் குழாயிலேயே சொல்லியிருக்கிறார்கள். "தம்பி எந்தக் குறிச்சி?" என்று மட்டும் கேட்பார்கள். அதற்கடுத்து, "எந்தக் கோயிலடி?" அதற்கடுத்து, "ஆற்றை பேரன்?" மூன்று கேள்வியில் உங்கள் பரம்பரை முழுவதும் வெளியில் வந்துவிடும். வட்டாரத்துக்கு வேட்பாளர் தேடும் கூட்டத்தில் கட்சிகள் இதே மூன்று கேள்வியைத்தான் கேட்கின்றன, கதவைச் சாத்திவிட்டு. எல்லோருக்கும் பொதுவான கட்சி என்று சொல்லிக்கொண்டு, வெல்லக்கூடிய வட்டாரத்தில் ஒரு குறிச்சி ஆளையும், தோற்கிற வட்டாரத்தில் மற்றக் குறிச்சி ஆளையும் நிறுத்துவார்கள். பிறகு "நாங்கள் எல்லோருக்கும் இடம் கொடுத்தோம்" என்று அறிவிக்க எனக்குக் காசு தருவார்கள். உங்களைத் தோற்கிற வட்டாரத்தில் நிறுத்தினால், சும்மா நிற்காதீர்கள். கடிதத்தில் பட்டியல் ஆசனத்தை எழுதி வாங்கிக்கொண்டு நில்லுங்கள்.

வெளிநாடு

அவர்களுக்கு இங்கே வாக்கில்லை. ஆனால் முடிவு அங்கேதான். கோடையில் ரொரன்டோவில் மத்தியானம் பன்னிரண்டு மணி என்றால் இங்கே இரவு ஒன்பதரை. அதுதான் சூம் கூட்ட நேரம். குளித்து வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு வாருங்கள், பின்னால் நாட்காட்டி தெரியட்டும், தவறணைக் கதிரை தெரியவேண்டாம். கோயில் கோபுரம், பாடசாலை மண்டபம், வாசிகசாலைக்குக் கணினி எல்லாவற்றுக்கும் அனுப்புவார்கள். கல்லில் பெயர் பொறிக்க முடிந்த எதற்கும் அனுப்புவார்கள். வாய்க்காலில் பெயர் பொறிக்க முடியாது என்பதால் வாய்க்காலுக்கு வராது.

ஊரில் பதிவு, யாழ்ப்பாணத்தில் சீவியம் என்று ஒரு கூட்டம் உண்டு. அவர்களைத் தேர்தலன்று கொண்டுவரவேண்டும். வேட்பாளர் வாகனம் பிடித்து வாக்காளரை ஏற்றி இறக்குவது சட்டப்படி குற்றம். ஆகவே யாரும் ஏற்றுவதில்லை. அன்றைக்கென்று பார்த்து ஊரில் ஒரு அந்தியேட்டிக் கிரியை வரும், அதற்கு உறவினர் ஒருவர் பஸ் பிடிப்பார். யாருடைய அந்தியேட்டி என்று பஸ்ஸில் வருகிறவர்களுக்கே தெரியாது. இது நான் சொல்லித்தந்த வழி என்று எழுதிவிடாதீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஓடும் 776 பஸ்ஸிலேயே வரச் சொல்லுங்கள்.

படகு

நெடுந்தீவுக்குத் தனிப் பிரதேச சபை. அங்கே பிரசாரம் என்றால் குழாய், பெட்டி, பற்றறி எல்லாவற்றையும் குறிகட்டுவானில் படகேற்றி, தறப்பாளால் மூடி, ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் பிடித்துக்கொண்டு போகவேண்டும். மே மாதத்தில் சோளகம் தொடங்கிவிடும். தண்ணீர் படகின் மேலால் வந்து போகும். உப்புத்தண்ணீர் பட்ட குழாய் தேசியகீதத்தையும் சவர்க்கார விளம்பரத்தையும் ஒரே குரலில் பாடும்.

சனம் ஒரு மணித்தியாலம் தப்பி ஓடமுடியாது, படகிலேயே பேசிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. நினைக்காதீர்கள். ஆசிரியைமாரும் தாதிமாரும் காலைப் படகில் நித்திரை கொள்கிறவர்கள். நோட்டீஸ் நீட்டினால் அதில் வாந்தி எடுப்பார்கள். அதற்குப் பதிலாக இடம் கொடுத்துவிட்டு நில்லுங்கள். மாவிலித்துறையில் இறங்கும்போது யாருடையதாவது அரிசி மூட்டையைத் தூக்குங்கள். வெறுங்கையோடு இறங்கிய வேட்பாளர் வென்றதை நான் காணவில்லை.

ஒன்று மட்டும் விளையாட்டில்லாமல் சொல்கிறேன். குமுதினிப் படகின் பெயரை வாக்குக்காக மேடையில் இழுக்கவேண்டாம். 1985 மே 15 அந்தப் படகில் வெட்டுண்டவர்களின் வீட்டார் இன்னும் அங்கே இருக்கிறார்கள். பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கூட்டம் கைதட்டுவதுமில்லை, எழும்பிப் போவதுமில்லை. வாக்கும் போடுவதில்லை.

கொழும்பிலிருந்து தலைவர் யாராவது வந்தால் அவருக்குக் கட்டைக்குதிரை, பெருக்கமரம், ஒல்லாந்தர் கோட்டை மூன்றையும் காட்டவேண்டும், படம் எடுக்கவேண்டும். சாராப்பிட்டியில் தண்ணீருக்கு நிற்கிற வரிசையைக் காட்டினால் படகு திரும்பும் நேரத்துக்குக் கேள்வி முடியாது.

வாக்குறுதி

செய்யமுடிந்ததைச் சொல்லவேண்டாம் என்றேன். ஆனால் ஒரு விதிவிலக்கு: ஏற்கனவே செய்யப்போவதைச் சொல்லலாம். பிரதேச செயலகத்தில் ஒரு மச்சான் இருந்தால் எந்த ஒழுங்கைக்குக் காசு வந்திருக்கிறது என்று முன்பே தெரிந்துவிடும். அதை எடுத்து நோட்டீசில் போடுங்கள், "எமது விடாமுயற்சியால்" என்று. மூன்று கட்சிக்கும் மச்சான் இருந்தால் ஒரே ஒழுங்கைக்கு மூன்று விடாமுயற்சி வரும். எங்களூரில் வந்தது. கிறவல் லொறி வந்து கொட்டியபோது மூன்று பேரும் தேங்காய் உடைக்க வந்து நின்றார்கள். லொறிக்காரர் தேங்காய்களைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

நோட்டீசில் அச்சகத்தின் பெயரும் விலாசமும் இருக்கவேண்டும். கையில் கொடுக்கலாம், மதிலில் ஒட்டக்கூடாது. ஒலிபெருக்கிக்குப் பொலிசில் அனுமதி எடுக்கவேண்டும். அதை நான் எடுத்துத் தருவேன். 2023இல் வந்த தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டப்படி, முடிவு வந்து 21 நாளுக்குள் கணக்குக் காட்டவேண்டும். வென்றவர் தோற்றவர் எல்லோருக்கும் அது பொருந்தும். அந்தக் கணக்குகளை நம்பினால், தீவகத்தில் ஒரு வேட்பாளரும் ஒருவருக்கும் ஒரு சாராயப் போத்தல்கூட வாங்கிக் கொடுத்ததில்லை. பக்திப் பரவசத்தோடு தேர்தல் நடந்திருக்கிறது.

என்னுடைய காசைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முழுவதும் முற்பணம். தோற்றவர் தரமாட்டார், அது சரி, பாவம். வென்றவரும் தரமாட்டார். "அண்ணை, சபைக்கு ஒரு ஒலிபெருக்கி எடுக்கிற எண்ணம் இருக்கு, உங்களைத்தான் கேப்பம்" என்பார். ஒரு கட்சிக்காரர் எனக்குத் தரவேண்டிய பாக்கிக்குப் பதிலாக, என் பெயரை ஒரு குழுவுக்குக் கௌரவ ஆலோசகராகப் போட்டார். கௌரவத்தைப் பற்றறிக் கடைக்காரர் வாங்கமாட்டேன் என்கிறார்.

கடைசி இரண்டு நாளும் அதற்குப் பிறகும்

வாக்களிப்புக்கு 48 மணித்தியாலம் முன்பு என் குழாய்கள் இறங்கிவிடும். உங்களுக்கு அப்போதுதான் வேலை தொடங்கும். எல்லா வீட்டிலும் ஒரு நாய், ஒரு பூட்டிய படலை, ஒரு ஆச்சி. படலையடியில் நின்று கூப்பிடுங்கள், நாயின் பெயர் தெரிந்தால் வாக்கில் பாதி உங்களுக்கு. வாக்களிப்பு காலை ஏழிலிருந்து பின்னேரம் நாலு. உங்கள் முகவர்களுக்குச் சோற்றுப் பார்சல் நேரத்துக்குப் போகவேண்டும். பன்னிரண்டரைக்குப் போகாத பார்சலால் மறுகட்சிப் பார்சலில் கைவைத்து, அப்படியே அந்தக் கட்சிக்குப் போன முகவரை எனக்குத் தெரியும். எண்ணுவது வட்டாரத்திலேயே நடக்கும், இருட்டும்போது தெரிந்துவிடும்.

பிரசாரத்தில் யாரையும் துரோகி என்று சொல்லும்போது கொஞ்சம் அளந்து சொல்லுங்கள். தனியே பாதிக்கு மேல் ஆசனம் எடுப்பது இந்த முறையில் லேசில்லை. எடுக்காவிட்டால் முதல் அமர்வில் சபைத் தலைவரான தவிசாளரைத் தெரிவு செய்ய வாக்கெடுக்கவேண்டும். மே மாதம் நீங்கள் துரோகி என்றவரின் வாசலுக்கு ஜூன் மாதம் பழத்தட்டோடு போகவேண்டிவரும். அவரும் அப்படியே உங்கள் வாசலுக்கு வரக்கூடும். வழியில் சந்தித்தால் யார் முதலில் பிரேக் பிடிப்பது என்று யோசித்து வையுங்கள். இரண்டு பக்கமும் சமனாக வந்தால் திருவுளச் சீட்டுப் போடுவார்கள். அதுவரைக்கும் இனம், மொழி, மண், குருதி என்று முழங்கியதெல்லாம் ஒரு பெட்டிக்குள் கிடக்கும் இரண்டு கடதாசித் துண்டில் வந்து நிற்கும். நேர்த்தி வைக்க நயினாதீவு அம்மனிடம் போகிறவர்கள் உண்டு. இரண்டு பக்கமும் போவதால் அம்மனுக்கும் சங்கடம்தான்.

கதிரை கிடைத்தபிறகு நிம்மதி என்று நினைக்காதீர்கள். வரவுசெலவுத் திட்டம் இருக்கிறது. யாழ். மாநகர சபையில் 2020 டிசம்பரில் அது இரண்டாம் முறையும் தோற்று, முதல்வர் பதவியே போனது. உறுப்பினர்களுக்கு டிசம்பர் மாதம்தான் அறுவடை. தவிசாளர் எல்லோருடைய பிள்ளைகளின் பிறந்தநாளையும் மனப்பாடமாக வைத்திருப்பார்.

உறுப்பினராக உங்களுக்கு வரும் முதல் அழைப்பு பெரும்பாலும் இரவு எட்டு மணிக்குப் பிறகு வரும். ஜெனீவாவைப் பற்றியோ கச்சதீவைப் பற்றியோ இருக்காது. "தம்பி, எங்கட ஒழுங்கையில லைற் எரியேல்லை" என்பார்கள். எந்த ஒழுங்கை என்று கேட்டால், "எங்கட ஒழுங்கை, உமக்குத் தெரியாதே?" என்று கோபிப்பார்கள். ஆகவே ஒழுங்கையைக் கேட்காதீர்கள், கம்பத்து இலக்கத்தைக் கேளுங்கள். பேனையும் துண்டும் தலைமாட்டில் இருக்கட்டும். இலக்கத்தை எழுதி, அடுத்தநாள் காலையில் சபைக் கந்தோரில் பதிவுப் புத்தகத்தில் ஏற்றி, பதிவு நம்பரை அவர்களுக்குத் திரும்ப அனுப்புங்கள். பல்ப் இல்லை என்று கந்தோரில் சொல்வார்கள். பல்ப் எப்போது வரும் என்று எழுத்தில் கேளுங்கள்.